பி.எம். முடிந்து ஏ.எம்.: நடுவில் இருக்கும் பத்து மணி நேரம்

நர்ஸ் வேலையில் எது கஷ்டம் என்று வெளியாட்களைக் கேட்டால் நைட் டியூட்டி என்பார்கள். வார்டுக்குள் கேட்டால் பாதிப் பேர் வேறு பதில் சொல்வார்கள்: மதிய ஷிப்டான பி.எம்.மை இரவில் முடித்துவிட்டு மறுநாள் காலை ஷிப்டான ஏ.எம்.முக்குப் போய் நிற்பது. நைட்டும் கஷ்டம்தான். ஆனால் அதற்குப் பிறகு தூங்குவதற்கென்று ஒரு நாள் கொடுக்கிறார்கள், வீட்டிலும் “பாவம், நைட்” என்று ஒரு பரிவு இருக்கும். பி.எம்.-ஏ.எம். திருப்பத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. டியூட்டி அட்டவணையான ரோஸ்டரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சாதாரணக் கட்டங்கள், அவ்வளவுதான்.

மலேசியாவில் பேராக் பக்கம் நெடுஞ்சாலைக்கும் செம்பனைக்கும் நடுவே கிடக்கும் ஊர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், சிலிம் ரிவர் மாதிரி ஊர்கள். அம்மா பால்மரம் வெட்டியிருப்பார், மகள் மூன்று வருட டிப்ளோமா முடித்து வெள்ளைச் சப்பாத்து போட்டிருப்பாள். வேலை பெரிய ஆஸ்பத்திரியில், வீடு இன்னமும் தோட்டத்து ஓரத்தில். புதிதாக போஸ்டிங் கிடைத்த தங்கச்சிகள் படிக்கட்டும். அதைவிட முக்கியம், அவர்கள் வீட்டில் இருப்பவர்கள் படிக்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வழக்கமான மூன்று ஷிப்ட்: ஏ.எம். காலை 7 முதல் மதியம் 2 வரை, பி.எம். 2 முதல் இரவு 9 வரை, நைட் 9 முதல் மறுநாள் காலை 7 வரை. தாளில் பார்த்தால் பி.எம். முடிவதற்கும் ஏ.எம். தொடங்குவதற்கும் நடுவே பத்து மணி நேரம். ஆனால் 9 மணிக்கு யாரும் வெளியே வருவதில்லை. கட்டில் கட்டிலாக நின்று அடுத்த ஷிப்டுக்கு நோயாளிகளை ஒப்படைக்கும் பாஸ் ஓவர், பூட்டி வைக்கும் ஆபத்தான மருந்துகளின் (டி.டி.ஏ.) அலமாரி எண்ணிக்கை, எழுதி முடிக்காத ரிப்போர்ட், எல்லாம் முடிய 9.35. மோட்டாரில் 25 நிமிடம். குளித்து, சாப்பிட்டு, நாளைக்கு யூனிஃபார்ம் தேய்த்து வைத்துப் படுக்க 11.30. படுத்ததும் தூக்கம் வராது. அத்தனை நேரம் ஓடிய உடம்பு அடங்க இன்னோர் அரை மணி. காலையில் 5.15க்கு எழுந்தால்தான் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்து வைத்துவிட்டு 6.15க்குக் கிளம்ப முடியும். மிஞ்சுவது ஐந்தேகால் மணி நேரத் தூக்கம். கைக்குழந்தை ஒரு தடவை எழுந்து அழுதால் அதிலும் ஒரு துண்டு போய்விடும்.

அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1977-இல் தாதியருக்கென்றே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது, எண் 149. அதோடு சேர்ந்து வந்த 157-ஆம் பரிந்துரை, இரண்டு ஷிப்டுக்கு நடுவே குறைந்தது 12 மணி நேரம் தொடர் ஓய்வு இருக்க வேண்டும் என்கிறது. வெறும் பரிந்துரைதான், அதை வைத்து யார் மீதும் வழக்குப் போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லாத் தொழிலாளிக்கும் 24 மணிக்குள் 11 மணி தொடர் ஓய்வு என்பது பொது விதி. நம்முடைய பத்து மணி இந்த இரண்டுக்கும் கீழே. அந்தப் பத்தும் தாளில் இருக்கும் பத்து.

அப்படியானால் ஏன் இந்தத் திருப்பத்தைப் போடுகிறார்கள் என்று ரோஸ்டர் போடும் வார்டுப் பொறுப்பாளர்களான சிஸ்டர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. கேட்டு வாங்குபவர்கள் பெரும்பாலும் நர்ஸ்களேதான். டே ஆஃபுக்கு முதல் நாள் ஏ.எம். இருந்தால் மதியம் 2 மணிக்கே லீவு தொடங்கிவிடும். ஈப்போவுக்கு அம்மாவைக் கூட்டிப் போகலாம், சாயங்காலம் கோயிலுக்குப் போகலாம். அந்த அரை நாளுக்காக முந்தின இரவுத் தூக்கத்தை விற்கிறோம். கல்யாணமாகாத இருபத்து மூன்று வயதில் இது நல்ல வியாபாரம். முப்பத்தைந்தில், இரண்டு பிள்ளைகளோடு, நட்டம்.

மாற்று வழி ஒன்று இருக்கிறது, செலவும் இல்லை. ஷிப்டை முன்னோக்கிச் சுற்றுவது. ஏ.எம்., ஏ.எம்., பி.எம்., பி.எம்., நைட், நைட், பிறகு ஸ்லீப்பிங் டே, டே ஆஃப். ஏ.எம். 2 மணிக்கு முடிந்தால் மறுநாள் பி.எம். 2 மணிக்கு, நடுவே முழுசாக 24 மணி. பி.எம். 9க்கு முடிந்தால் மறுநாள் நைட் 9க்கு, அதுவும் 24. உடம்புக்கும் பின்னுக்குப் போவதைவிட முன்னுக்குப் போவது சுலபம். நேரம் தள்ளிப் படுப்பது எல்லோராலும் முடியும், நேரத்தோடு படு என்றால் கண் மூடாது. இதில் இழப்பது ஒன்றுதான்: டே ஆஃப் நைட்டுக்குப் பின்னால் வருவதால் முதல் நாள் தூக்கத்திலேயே போய்விடும். ரிக்வெஸ்ட் புத்தகத்தில் எழுதும்போது “பி.எம்.முக்கு அடுத்து ஏ.எம். வேண்டாம்” என்று நேராக எழுதுங்கள். “எனக்கு ரெஸ்ட் பத்தவில்லை” என்று எழுதினால் சிஸ்டருக்கு என்ன செய்வதென்று தெரியாது. எந்தக் கட்டத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னால் அவரால் மாற்ற முடியும்.

வார மணி நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறு நாள், நாளுக்கு ஏழு மணி என்றால் 42. அரசாங்கத் தாதியருக்கு நெடுநாளாக இதுதான் வாரக் கணக்கு. 2024 டிசம்பரில் அரசு ஊழியர்களுக்குப் புதிய சம்பள முறை வந்தபோது இதை 45 ஆக்கும் திட்டமும் வந்தது. மலாயா தாதியர் சங்கம் எதிர்த்தது, பெரிய சர்ச்சையானது, தள்ளிவைத்தார்கள். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் “வாரத்துக்கு மூணு மணிதானே” என்று கேட்டார்கள். நாளுக்கு அரை மணி. மேலே போட்ட கணக்கில் அந்த அரை மணியை எங்கே சொருகுவது என்று பாருங்கள், தூக்கத்தைத் தவிர வேறு இடம் கிடையாது.

தனியார் ஆஸ்பத்திரியில் 1955 வேலைவாய்ப்புச் சட்டம் பொருந்தும். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 48 மணி என்றிருந்தது 45 ஆனது. ஷிப்ட் தொழிலாளியை ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து ஐந்து மணி வேலை செய்தால் அரை மணி இடைவேளை. விட்டுப் போக முடியாத வேலை என்றால் எட்டு மணி நேரத்தில் மொத்தம் 45 நிமிடம் சாப்பாட்டுக்குக் கிடைக்க வேண்டும். ஓ.டி. மாதத்துக்கு 104 மணிக்கு மேல் போகக் கூடாது. கணக்கு இப்படி: மாதச் சம்பளம் 2,600 ரிங்கிட் என்றால் 26ஆல் வகுத்து நாளுக்கு 100, எட்டால் வகுத்து மணிக்கு 12.50. சாதாரண நாள் ஓ.டி. ஒன்றரை மடங்கு, மணிக்கு 18.75. ஓய்வு நாளில் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டியவர்களுக்கு இந்த விகிதம் சட்டப்படி கட்டாயமில்லை, அவர்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். சம்பளச் சீட்டை மாதா மாதம் பார்க்காமல் டிராயரில் போடுபவர்கள் நம்மில் நிறைய. ஷிப்ட் முடிந்து தங்கிய நேரத்தை ஒரு சின்ன நோட்டில் தேதியோடு எழுதி வைத்தால் மாதக் கடைசியில் கேட்க ஆதாரம் இருக்கும்.

டபுள் ஷிப்ட்தான் இதில் மோசம். ஒருத்தர் எம்.சி. (மருத்துவ விடுப்பு), இன்னொருத்தர் எமர்ஜென்சி லீவு, ஏ.எம். முடித்தவரைப் பி.எம்.முக்கும் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். காலை 7 முதல் இரவு 9, பதினான்கு மணி. அமெரிக்காவில் 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்த நர்ஸ்கள் தவறு செய்யும் வாய்ப்பு மூன்று மடங்கு ஆனதைக் காட்டியது. அதைப் படிக்காமலே வார்டில் எல்லோருக்கும் தெரியும். இரவு ஏழு மணிக்கு மேல் கையில் ஊசி மருந்தை வைத்துக்கொண்டு “எந்தக் கட்டிலுக்கு எடுத்தேன்?” என்று நிற்கும் அந்தக் கணம் தெரியாத நர்ஸ் கிடையாது.

நைட்டில் உடம்பு மிகவும் இறங்கும் நேரம் விடியற்காலை 3 முதல் 5. உடல் வெப்பம் அப்போதுதான் ஆகக் குறைவு, தூக்கம் ஆக அதிகம். வேலையும் பார்த்துப் பார்த்து அதற்குப் பின்னாலேயே குவிகிறது. 5 மணியிலிருந்து 7க்குள் ரத்தம் எடுக்க வேண்டும், பி.பி. பார்க்க வேண்டும், 6 மணி ஆன்டிபயாடிக், இன்சுலின், உடம்பு துடைப்பு, யூரின் பேக் காலி செய்து, உள்ளே போன, வெளியே வந்த நீர்க் கணக்கான ஐ-ஓ சார்ட் முடிப்பு, ரிப்போர்ட். தப்பு நடக்கும் இடங்களைத் தனித்தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் “கவனமாக இரு” என்ற அறிவுரை ராத்திரி நாலரைக்கு வேலை செய்யாது.

இன்சுலின். ஒரு மில்லியில் 100 யூனிட். ஆறு யூனிட் என்றால் 0.06 மில்லி. இன்சுலின் சிரிஞ்ச் தீர்ந்துவிட்டது என்று சாதாரண ஒரு மில்லி சிரிஞ்சில் எடுத்தால், தூக்கக் கண்ணுக்கு 0.06உம் 0.6உம் ஒன்றுதான். 0.6 என்பது 60 யூனிட், பத்து மடங்கு. இன்சுலினுக்கு இன்சுலின் சிரிஞ்ச் மட்டும்தான். இல்லையென்றால் பக்கத்து வார்டில் போய் வாங்குங்கள், நடக்கிற நடையில் தூக்கமும் கொஞ்சம் கலையும். இன்னொன்று, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டிய இன்சுலினை, வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று 6 மணிக்கே எல்லோருக்கும் போட்டுவிடுவது. சாப்பாடு 8 மணிக்கு வந்தால் நடுவில் சர்க்கரை 4 mmol/L-க்குக் கீழே இறங்கும். வேர்த்து நடுங்கிக்கொண்டு கிடப்பதை ஏ.எம். ஆட்கள்தான் கண்டுபிடிப்பார்கள்.

டிரிப். ஒரு பைண்ட், அதாவது 500 மில்லி, நாலு மணி நேரத்தில் போக வேண்டும். டிரிப் குழாய் செட் மில்லிக்கு 20 சொட்டு. 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000, அதை 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. ஆறு மணி நேரத்துக்கு 28, எட்டு மணி நேரத்துக்கு 21. இந்த மூன்று எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பேனாப் பையில் வையுங்கள், ராத்திரியில் வகுத்தல் போட வேண்டாம். முழு நிமிடம் நின்று எண்ணப் பொறுமை இருக்காது, 15 நொடி எண்ணுங்கள்: 42க்குப் பத்து அல்லது பதினொன்று வர வேண்டும். பிள்ளைகளுக்குப் போடும் 60 சொட்டு செட்டில் இந்த எண்கள் செல்லாது.

பொட்டாசியம். பத்து மில்லி ஆம்பியூலில் ஒரு கிராம். கலக்காமல் நேராக ரத்தக் குழாயில் போனால் இதயம் நின்றுவிடும். இதை எடுக்கும்போது இரண்டாவது ஆள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கவுண்டரிலிருந்து “சரி சரி, போடு” என்று கத்துவது இரண்டாவது ஆள் ஆகாது. ஆள் குறைவான ராத்திரியில் முதலில் விட்டுப்போவது இந்தச் சரிபார்ப்புதான்.

பெயர். நம் ஊர் வார்டில் இரண்டு மாரியம்மாள், மூன்று முனியாண்டி ஒரே நாளில் படுத்திருப்பது அதிசயமில்லை. “மாரியம்மாவா பாட்டி?” என்று கேட்டால் காது மந்தமான பாட்டி எதற்கும் தலையாட்டுவார். “உங்க பேரு என்ன, அப்பா பேரு என்ன?” என்று அவரையே சொல்ல வைத்து, கையில் கட்டியிருக்கும் பட்டையில் அடையாள அட்டை (ஐ.சி.) எண்ணைப் பாருங்கள். பேச முடியாதவருக்குப் பட்டை ஒன்றுதான் சாட்சி. அது கழன்றிருந்தால் மருந்து கொடுப்பதற்கு முன்னால் புதுப்பட்டை கட்டுங்கள்.

டி.டி.ஏ. அலமாரி. 1952 ஆபத்தான மருந்துகள் சட்டத்தின் கீழ் வரும் மார்ஃபின், பெத்திடின், ஃபென்டனில் பூட்டி வைத்திருக்கும் இடம். ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து ஆம்பியூலை எண்ணிப் பதிவேட்டின் மிச்சத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். ஒன்று குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பெரும்பாலும் திருட்டு கிடையாது. பாதி ஆம்பியூல் போட்டு மீதியைக் கொட்டியதை எழுத மறந்திருப்பார்கள். போட்ட கையோடு, கொட்டினதையும் சாட்சியின் கையெழுத்தையும் அங்கேயே முடித்துவிட்டால் காலை 7.10க்குக் கிளம்பலாம். “அப்புறம் எழுதலாம்” என்றால் 7.50.

ஓய்வு கிடைக்கிற ராத்திரியில், ஆள் மாற்றி 20 நிமிடம் கண் மூட சிஸ்டர் அனுமதித்தால் விடாதீர்கள். ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தால் தலை கல்லாக இருக்கும், இருபது நிமிடத்தில் அந்த மந்தம் குறைவு. எழுந்து முகம் கழுவி, முதல் கால் மணி நேரம் மருந்துப் பக்கம் போகாதீர்கள், பி.பி. பார்க்கப் போங்கள். காப்பி, தே தாரிக் எல்லாம் 2 மணிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் ஆகும். 4 மணிக்குக் குடித்த கப் 9 மணிக்கு வீட்டில் படுக்கையில் கூடவே படுத்திருக்கும். சாப்பாடும் அதே மாதிரிதான். ராத்திரி 2 மணிக்கு சம்பலோடு நாசி லெமாக் கட்டிப் பிரித்தால் நெஞ்செரிச்சல் நிச்சயம். வீட்டில் ஏழரை மணிக்கு வயிறு நிறையச் சோறு, நடு ராத்திரியில் இரண்டு இட்லியோ ரொட்டியோ ஒரு வாழைப்பழமோ போதும். மூத்திரத்தை அடக்காதீர்கள். நீர்க்கடுப்பு நர்ஸ்களின் தொழில் வியாதி மாதிரி ஆகிவிட்டது. காரணம் எளிது: போக நேரமில்லை, அதனால் தண்ணீர் குடிப்பதில்லை.

மனசு என்ன ஆகிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். களைப்பு முதலில் குரலில் தெரியும். கட்டிலில் இருக்கும் தாத்தா நாலாவது தடவை “மிஸ்ஸி, பாட் வேணும்மா” என்கிறார். முதல் தடவை “இதோ வரேன் தாத்தா”. நாலாவது தடவை “இப்பதானே குடுத்தேன்!” சொன்ன வேகத்தில் தாத்தா முகம் சுருங்கிப் போர்வையை இழுத்துக்கொள்கிறார். பிறகு கேட்க மாட்டார், கட்டிலையே நனைத்துவிடுவார், விரிப்பு மாற்ற இருபது நிமிடம். அதைவிட அந்த முகம் வீடு வரைக்கும் கூடவே வரும். இரக்கமில்லாதவர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை. இருக்கிற இரக்கம் பதினோராவது மணியில் வற்றிப்போகிறது, தூங்கி எழுந்தால் மறுபடி ஊறும். தூங்க விடாவிட்டால் ஊறாது. மாதக்கணக்கில் ஊறாமல் போனவர்களைத்தான் வெளியில் “அந்த மிஸ்ஸி ரொம்ப மூஞ்சி காட்டும்” என்கிறார்கள்.

இரண்டாவது, பயம். பி.எம். முடித்து வீட்டுக்கு வந்து குளித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று: ஏழாம் கட்டிலுக்கு டிரிப் மாற்றினேனா? கையெழுத்துப் போட்டேனா? ராத்திரி பதினொன்றுக்கு வார்டுக்குப் போன் அடிப்பவர்கள் எத்தனையோ பேர். எடுக்கிறவர்களும் சலித்துக்கொள்வதில்லை, அவர்களும் நாளைக்கு அடிப்பவர்கள்தான். இதற்கு நல்ல மருந்து கட்டில் பக்கத்தில் நின்று கொடுக்கும் பாஸ் ஓவர். கவுண்டரில் உட்கார்ந்து வாயால் சொல்வதில் டிரிப் எவ்வளவு மிச்சம் என்பது தெரியாது. நின்று சொன்னால் இரண்டு பேர் கண்ணும் பாட்டிலைப் பார்க்கும். வரிசை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: யார், எதற்கு வந்தார், இன்று என்ன மாறியது, இப்போது எப்படி இருக்கிறார், அடுத்து என்ன செய்ய வேண்டும். அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் களைத்த வாய் விழுங்கிவிடும்.

மூன்றாவது, கோபம். டே ஆஃபில் மோட்டாரைக் கழுவிக்கொண்டிருக்கும்போது வரும் போன். வேண்டாம் என்று சொன்னால் கூட வேலை செய்யும் பிள்ளை டபுள் ஷிப்ட் ஓட வேண்டும், சரி என்றால் நம் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். இதற்கு எனக்குத் தெரிந்து நல்ல பதில் கிடையாது. ஆள் போதாமைக்குத் தனி மனுஷியின் நல்ல மனசு ஒட்டுப் போட முடியாது என்பது மட்டும் தெரியும். சிங்கப்பூர், சவூதி என்று கிளம்புகிறவர்களைக் குறை சொல்கிறவர்கள் இந்தப் போனை ஒரு வருடம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இனி வீடு. பகல் தூக்கத்துக்கு நம் ஊர் தாமான் (குடியிருப்பு) வீடு கட்டப்படவே இல்லை. மேலே ஓடு, நடுவே மெல்லிய சீலிங், பதினொரு மணிக்கெல்லாம் அறை அனலாகிவிடும். ரொட்டிக்காரர் மோட்டார் ஹாரன், கேஸ் லோரி, பழைய பேப்பர் வாங்கும் லோரியின் ஒலிபெருக்கி, ஒரு மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். ஆடி மாதமென்றால் தோட்டத்து அம்மன் கோயில் குழாய்ப் பாட்டு காலை ஏழிலிருந்தே. செய்யக் கூடியவை: காலை வெயில் படாத பின்னறையில் படுங்கள். ஜன்னல் கண்ணாடியில் சமையலுக்கு வாங்கும் அலுமினியத் தாளை ஒட்டி அதன் மேல் கறுப்புத் துணி போட்டால் வெளிச்சம், சூடு இரண்டும் குறையும், பத்து ரிங்கிட் வேலை. காற்றாடியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் அந்த ஓசையில் பாதிச் சத்தம் மறையும். கேட்டில் “நைட் டியூட்டி, தூங்குகிறோம்” என்று தமிழிலும் மலாயிலும் ஓர் அட்டை. கைபேசியில் பள்ளிக்கூட எண், அம்மா எண் மட்டும் ஒலிக்கட்டும்.

வீட்டுக்கு வந்தவுடன் படுங்கள். துணியைப் போட்டுவிடலாம், மார்க்கெட் போய்விட்டு வந்துவிடலாம் என்று பத்தரை ஆக்கினால் உடம்பு விழித்துக்கொள்ளும், பிறகு தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். எட்டரையிலிருந்து ஒரு மணி வரை ஒரு தூக்கம், அடுத்த நைட்டுக்குப் போகும் முன் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழரை வரை இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் ஆறு மணி நேரம். அதற்கு வீட்டார் ஒத்துழைக்க வேண்டும். “பகல்லயே படுத்துக் கெடக்குறா” என்று மாமி பக்கத்து வீட்டில் சொல்வது காதில் விழும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதே மாமிதான் ஒரு காலத்தில் நாலரைக்கு எழுந்து, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், மதியம் வந்து பாயைப் போட்டுப் படுத்தவர். அதை நினைவுபடுத்தினால் பெரும்பாலும் புரிந்துகொள்வார். புரியாவிட்டால் மகன் பேச வேண்டும், மருமகள் பேசினால் அது வேறு சண்டையாகிவிடும்.

ரோடு. மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் ஆளைக் கொல்வது. காலை ஆறு மணிக்கு எழுந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பகலில் படுக்காமல் ராத்திரி 9க்கு நைட் ஏறியவர் காலை 7க்கு இறங்கும்போது 25 மணி நேரம் விழித்திருக்கிறார். 17 மணி நேரம் விழித்திருந்தாலே உடம்பும் மூளையும் ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரைப் போல நடந்துகொள்ளும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2020 திருத்தத்துக்குப் பிறகு நம் நாட்டுச் சட்டத்தில் ஓட்டுநருக்கு அதுதான் வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். குடித்துவிட்டு ஓட்டமாட்டோம், தூக்கத்தில் ஓட்டுகிறோம். தோட்டத்து ரோட்டில் விளக்கில்லை, காலையில் பனிமூட்டம், வளைவில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி, அதிலிருந்து உதிர்ந்த பழம் டயருக்கு அடியில் உருளும், நடு ரோட்டில் மாடு. கண் எரிந்து, கடந்து வந்த கோயில் ஞாபகத்தில் இல்லையென்றால் நீங்கள் ஏற்கெனவே சில நொடி தூங்கிவிட்டீர்கள். நிறுத்துங்கள். ஆஸ்பத்திரியிலேயே அரை மணி படுத்துவிட்டுக் கிளம்புவது இன்னும் நல்லது. ஒரே பக்கம் போகிற மூன்று பேர் சேர்ந்து காரில் போனால் பேச்சிலாவது விழித்திருப்பார்கள்.

தனியார் ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே நடக்கும் விபத்துக்கு, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் பாதுகாப்பு உண்டு. ஆனால் வழக்கமான வழியாக இருக்க வேண்டும். பி.எம். முடித்துப் பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தை) வண்டியைத் திருப்பி அங்கே விழுந்தால் கோரிக்கை சிக்கலாகும். விபத்தானால் போலீஸ் ரிப்போர்ட், அன்றைய ரோஸ்டர் நகல், வருகைப் பதிவு மூன்றையும் உடனே எடுத்து வைக்க வேண்டும்.

நோயாளியைப் பார்க்க வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலை 6.45 முதல் 7.15, மதியம் 1.45 முதல் 2.15, இரவு 8.45 முதல் 9.15, இந்த நேரங்களில் மூச்சுத் திணறல், ரத்தம், விழுந்துவிட்டார் என்றால் உடனே கூப்பிடுங்கள். மற்றதற்கு அரை மணி பொறுங்கள். அப்போதுதான் உங்கள் அப்பாவின் கதை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது, நடுவில் அறுத்தால் ஏதாவது விட்டுப்போகும். வேன் நிறைய வாருங்கள், தப்பில்லை, ஆனால் டாக்டரிடமும் நர்ஸிடமும் கேட்க ஒரே ஆளை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சாப்பிடும் மருந்தையெல்லாம், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் கொண்டுவாருங்கள்.

பண்டிகைக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்வது நம் வார்டுகளில் பழைய வழக்கம். ஹரி ராயாவுக்கு நாம் நிற்போம், தீபாவளிக்கு மலாய் அக்காமார் நிற்பார்கள், சீனப் பெருநாளுக்கு இரண்டு பேரும். நல்ல வழக்கம், தொடரட்டும். ஆனால் மாற்றும்போது அந்த ஒரு நாளை மட்டும் பார்க்காமல் முன்னும் பின்னும் உள்ள கட்டங்களைப் பாருங்கள். தைப்பூசத்துக்கு ஏ.எம்.மைக் கொடுத்து பி.எம். வாங்கினால் மறுநாள் ஏ.எம். உங்களுக்காகக் காத்திருக்கும். கூட மாற்றுகிறவருக்கும் அதே பார்வையைப் பாருங்கள். வாட்சப்பில் “ஓகே அக்கா” போதாது, ரோஸ்டரில் திருத்தி இரண்டு பேரும் சிஸ்டரும் கையெழுத்துப் போட வேண்டும். வழியில் ஏதாவது ஆனால், அன்று உங்களுக்கு டியூட்டி இருந்தது என்று சொல்ல அந்தத் தாள் மட்டும்தான் இருக்கும்.